"எழுதேன், யார் வேண்டாம் என்றது?"

கேள்வியை முதலில் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் தெரியட்டும். கேட்டவருக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம், இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. கல்யாணத்துக்கு முன்னால் நான்கு சிறுகதைகள் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன, குழந்தை பிறந்த பிறகு ஒன்றைக்கூட முடிக்க முடியவில்லை. கணவர் நல்ல மனிதர், "எழுதேன், யார் வேண்டாம் என்றது?" என்கிறார். கூடவே இருக்கிற மாமியாரும் ஒரு வார்த்தை தடுத்துச் சொன்னதில்லை. ஆனாலும் உட்கார முடியவில்லை. பாப்பா பள்ளிக்கூடம் போகும்வரை பொறுத்திருக்கலாமா, இப்படி ஆசைப்படுவதே சுயநலமா என்பதுதான் கேள்வி.

பொறுத்திருக்காதீர்கள். நான் ஒன்பது வருஷம் பொறுத்திருந்தவள், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

என் பெரிய பையன் 1996-இல் பிறந்தான். அப்போது என் மனசில் ஒரு கதை முழுசாக இருந்தது. சென்னிமலையில் என் பெரியம்மா குழித்தறியில் நெய்தவர், அவரைப் பற்றிய கதை. பையனைத் தூளியில் போட்டு, தூளியில் கட்டிய கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, மடியில் பரீட்சை அட்டையை வைத்து எழுதப் பார்த்தேன். கால் ஆட்டிக்கொண்டே எழுத முடிந்தது. ஆனால் அடுத்த வரி என்ன என்று யோசிக்க ஆரம்பித்தால் கால் நின்றுவிடும், கால் நின்றால் அவன் விழித்துவிடுவான். ஒரு வாரம் பார்த்துவிட்டு, சரி, இவன் பள்ளிக்கூடம் போகட்டும் என்று அட்டையைப் பரண்மேல் போட்டேன். அவன் போனான். இரண்டாவது பையன் வந்தான். அப்புறம் மாமியாருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்து இரண்டு வருஷம் படுக்கை. 2005-இல் ஒருவழியாக உட்கார்ந்தபோது கதை ஞாபகம் இருந்தது, சொற்கள் இல்லை. பாவு, ஊடை, நாடா, மிதி என்கிற பொதுவான தறிச் சொற்கள் எல்லாம் சரி. பாவில் ஓர் இழை அறுந்தால் பெரியம்மா விரலில் எச்சில் தொட்டு, முடிச்சே தெரியாமல் முறுக்கி ஒட்டவைப்பார். அந்தச் செய்கைக்கு அவர் ஒரு சொல் வைத்திருந்தார், வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அது வரவே இல்லை. கேட்டுக்கொள்ளலாம் என்றால் அவர் 2001-லேயே போய்விட்டார். கதையை எழுதினேன், வெளிவந்தது. ஆனால் அந்த இடத்தில் இன்றைக்கும் எனக்கு ஓர் ஓட்டை தெரிகிறது.

பொறுத்திருந்தால் நேரம் வரும், அதை நான் மறுக்கவில்லை. அந்த நேரம் வருகிறபோது கையில் என்ன மிஞ்சியிருக்கும் என்பதை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பதிப்பகம் ஒன்றில் இருபது வருஷம் மெய்ப்பு பார்த்தவள் நான். இருபத்தைந்து வயதில் துடிப்பாக இரண்டு கதை அனுப்பிவிட்டு, அதே கையெழுத்து ஐம்பது வயதில் "மறுபடி எழுதிப் பார்த்திருக்கிறேன்" என்று ஒரு கடிதத்தோடு திரும்பி வருவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அந்தக் கடிதங்களைப் பிரிக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும்.

இனி உங்கள் கணவர் சொல்கிற அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். "எழுதேன், யார் வேண்டாம் என்றது?" மனசாரத்தான் சொல்கிறார், சந்தேகமே இல்லை. என் வீட்டுக்காரரும் இதையேதான் சொன்னார். ஆனால் இந்த வாக்கியத்தில் அனுமதி இருக்கிறதே தவிர, நேரம் இல்லை. நீங்கள் உட்காருகிற அந்த ஒரு மணி நேரத்தில் பாப்பாவுக்கு யார் சோறு ஊட்டுவது, காய்ந்த துணியை யார் எடுப்பது, தண்ணீர் மோட்டாரை யார் நிறுத்துவது என்பது அதில் வரவே இல்லை. அதையெல்லாம் நீங்களே முடித்துவிட்டு, மீதி இருந்தால் எழுதலாம் என்பதுதான் அதற்கு அர்த்தமாகிப் போகிறது. மீதி எங்கே இருக்கிறது? 2024-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். அதிலும் இது வீட்டு வேலையில் கை வைத்தவர்களுடைய சராசரி மட்டும்தான், கையே வைக்காத ஆண்கள் அந்த 88-க்குள் வரவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்வது தனிக் கணக்கு. கழித்துப் பாருங்கள், 201 நிமிடம் வித்தியாசம், மூன்று மணி நேரத்துக்கும் மேல். உங்கள் கதைகள் அங்கேதான் போயிருக்கின்றன. உங்களுக்குத் திறமை வற்றிவிட்டது என்று எழுதியிருந்தீர்களே, அதைத் தயவுசெய்து திரும்பச் சொல்லாதீர்கள்.

நிமிடக் கணக்கில்கூட வராத ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ராத்திரி ஏழரையிலிருந்து எட்டரை வரை எனக்கு வேண்டும், பையன்கள் உங்கள் பொறுப்பு என்று கேட்டு வாங்கினேன். அவரும் சரி என்றார். முதல் நாள், நான் உள்ளே போய்ப் பத்து நிமிஷத்தில் கதவைத் தட்டி "சின்னவன் ஜட்டி எங்கே?" என்றார். அடுத்த நாள் "காய்ச்சல் மருந்து எத்தனை மில்லி?" மூன்றாம் நாள் "இவனுக்குத் தயிரா, ரசமா?" ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல எனக்கு ஐந்து விநாடிகூட ஆகாது. ஆனால் திரும்பி வந்து உட்கார்ந்தால் விட்ட வரியைப் பிடிக்க இருபது நிமிஷம். வீட்டில் எது எங்கே இருக்கிறது, எது எப்போது தீரும், யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்கிற மொத்தக் கணக்கும் என் தலையில் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடும்வரை கதை ஓடாது. நாலாம் நாள் அவரை உட்காரவைத்து, அலமாரியைத் திறந்து, எது எங்கே என்று எல்லாவற்றையும் காட்டினேன். மருந்து அளவை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். அந்த ஒரு மணி நேரத்தில் சின்னவன் எதைப் போட்டுக்கொண்டாலும், எதைச் சாப்பிட்டாலும், நான் எதுவும் சொல்லமாட்டேன் என்றும் சொன்னேன். இந்தக் கடைசி வாக்குறுதிதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அவன் ஒரு மாசம் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு திரிந்தான், நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அதனால் நீங்கள் கணவரிடம் உதவி கேட்காதீர்கள். உதவி என்றால் வேலை உங்களுடையதாகவே இருக்கும், அவர் கொஞ்சம் கை கொடுப்பார், நீங்கள் நன்றி சொல்வீர்கள். "ஏழரையிலிருந்து எட்டரை வரை பாப்பா உங்கள் பொறுப்பு, வீட்டில் நான் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று கேளுங்கள். நேரத்தை மணிக்கணக்கில் சொல்ல வேண்டும். "கொஞ்ச நேரம் பார்த்துக்கோங்க" என்றால் அந்தக் கொஞ்ச நேரம் ஒரு வாரத்தில் கரைந்துவிடும். வாரத்தில் ஐந்து நாள் கிடைத்தால் போதும், வருஷத்துக்கு 260 மணி நேரம் ஆகிறது. எனக்கு ஒரு சிறுகதை முடிக்க ஏறக்குறைய இருபத்தைந்து மணி நேரம் பிடிக்கும், நீங்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமியார் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. அவர் தடுக்கமாட்டார், ஆனால் மகன் தட்டு கழுவுவதைப் பார்த்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து "நீ போப்பா, நான் பார்த்துக்கிறேன்" என்பார். அறுபத்தைந்து வயது மனுஷி சிங்க் முன்னால் நிற்கும்போது மருமகள் உள்ளே கதை எழுத முடியுமா? நீங்கள் பேனாவை மூடிவிட்டு ஓடி வருவீர்கள். இதை நீங்கள் சரிசெய்யப் போனால் வீண் மனக்கசப்பு. உங்கள் கணவர்தான் தன் அம்மாவிடம் "அம்மா, இது என் வேலை, நீ உட்கார்" என்று சொல்ல வேண்டும், ஒரு நாள் சொன்னால் போதாது, பத்து நாள் சொல்ல வேண்டும். அத்தைக்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு, எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். என் மாமியார் படுக்கையில் இருந்த காலத்தில் எனக்கு இது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இரண்டு பேருக்குமே அந்த வருஷங்கள் வேறு மாதிரி போயிருக்கும்.

பாப்பா அழுவாள். முதல் வாரம் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, கதவுக்கடியில் விரலை நுழைத்து "அம்மா, அம்மா" என்பாள். அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு எழுதுவது எளிது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வெளியே அவளோடு அவள் அப்பா இருக்கிறார், பாட்டி இருக்கிறார், அவள் தனியாக இல்லை. எட்டரைக்குக் கதவு திறக்கும் என்பது நாள் தவறாமல் நடந்தால் குழந்தைக்கு அது பிடிபட்டுவிடும். ஒரு நாள் ஏழே முக்காலுக்கு, ஒரு நாள் எட்டுக்கு என்று அழுகைக்கு ஏற்றபடி திறந்தால்தான் அவளுக்குக் குழப்பம்.

அதிகாலை நாலு மணிக்கு எழுந்து எழுதச் சொல்கிறவர்கள் நிறையப் பேர் வருவார்கள். அமெரிக்க நாவலாசிரியர் டோனி மோரிசன் இரண்டு பையன்களைத் தனியாக வளர்த்துக்கொண்டு, பதிப்பகத்தில் வேலையும் பார்த்துக்கொண்டு, அவர்கள் எழுவதற்கு முன்னால் விடியற்காலையில் எழுதினார் என்பது உண்மைதான், முதல் நாவல் 1970-இல் வந்தபோது அவருக்கு 39 வயது. ஆனால் ராத்திரி இரண்டு தடவை எழுகிற குழந்தையை வைத்திருப்பவரிடம் இதை அறிவுரையாகச் சொல்வது கொடுமை. இருக்கிற ஐந்து மணி நேரத் தூக்கத்திலிருந்து எழுத்துக்கு வட்டி கட்டாதீர்கள், அது உடம்பைத் தின்றுவிடும். இன்னொன்று, எதைப் பார்த்தாலும் எரிச்சலாக இருக்கிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்று கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அது இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால் எழுதாததால் வந்த ஏக்கம் என்று விட்டுவிடாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அது அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், இலவசம். மனசு சரியில்லாதபோது எழுத்து வராது, அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

நமக்கு முன்னால் போனவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று தேடிப் படிப்பது எனக்கு ஒரு பழக்கம். வை.மு. கோதைநாயகிக்கு ஐந்தரை வயதில் கல்யாணம். கதை சொல்ல வரும், எழுதிப் பழக்கமில்லை. அதனால் தன் முதல் நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். 1924-இல் அது புத்தகமானது. அடுத்த வருஷமே ஜகன்மோகினி பத்திரிகையைக் கையில் எடுத்து நடத்த ஆரம்பித்து, 115 நாவல்கள் எழுதினார். கணவர் பார்த்தசாரதி கூடவே நின்றார். அந்தக் காலத்தில் அது சாதாரண விஷயமில்லை, ஊர் என்ன பேசியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் உங்களுக்குச் சொல்ல வருவது அந்த வாயால் சொன்ன விஷயத்தை. உங்கள் கையில் போன் இருக்கிறது. பாப்பாவுக்குத் தட்டிக்கொடுக்கும்போது, துணி மடிக்கும்போது, கதையில் ஒருவர் பேசுவது காதில் விழுந்தால் அப்படியே பேசிப் பதிவு செய்துவிடுங்கள். முழு வாக்கியமாக இருக்க வேண்டாம். ஏழரைக்கு உள்ளே போய் உட்காரும்போது வெறும் தாளைப் பார்க்காமல் அந்தப் பதிவைக் கேட்டுத் தொடங்கலாம். எட்டரைக்கு எழும்போது நாளைக்கு முதல் வரி என்ன என்பதை அரைகுறையாகவாவது எழுதி வைத்துவிட்டு எழுங்கள். இந்த இரண்டையும் செய்தால் அந்த ஒரு மணி நேரம் நிஜமாகவே ஒரு மணி நேரமாக இருக்கும்.

அப்புறம், 1909-இல் பிறந்த மூன்று பேரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். வங்காளத்தில் ஆஷாபூர்ணா தேவி, கேரளத்தில் லலிதாம்பிகா அந்தர்ஜனம், பாலாமணி அம்மா. மூவரும் பிள்ளை பெற்று வளர்த்தவர்கள், மூவருக்கும் வழி வேறு வேறு. ஆஷாபூர்ணா பள்ளிக்கூடமே போனதில்லை, பதினைந்து வயதில் கல்யாணம், வீட்டு வேலையை முடித்துவிட்டு ராத்திரியில் எழுதினார், 1976-இல் ஞானபீட விருது வாங்கிய முதல் பெண் அவர். லலிதாம்பிகா பெரிய குடும்பத்தின் தாய், பல வருஷம் கவிதையும் சிறுகதையுமாகவே எழுதினார், அவர் பேரைச் சொன்னதும் நினைவுக்கு வருகிற 'அக்னிசாட்சி' நாவல் வந்தது அவருடைய 67-ஆவது வயதில். பாலாமணி அம்மா தாய்மையையே கவிதையாக்கினார். என் மனசுக்கு நெருக்கமானவர் லலிதாம்பிகா. அவர் 67 வயதுவரை சும்மா பொறுத்திருக்கவில்லை பாருங்கள், கைக்கு அடங்குகிற அளவில் எழுதிக்கொண்டே இருந்தார். நீங்களும் இப்போதைக்கு நாவலைத் தொடாதீர்கள். ஆறு பக்கக் கதை போதும். ஒரு வாரம் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்து எல்லாம் நின்றுபோனாலும் ஆறு பக்கக் கதையை மறுபடி தலைக்குள் ஏற்றிக்கொள்ள முடியும், முந்நூறு பக்கத்தை முடியாது.

இதைப் படிக்கிற சிலருடைய வீட்டில் கேட்டு வாங்கவே வழியிருக்காது, அதுவும் எனக்குத் தெரியும். துவரங்குறிச்சியில் கவிஞர் சல்மா, எழுதக்கூடாது என்ற வீட்டில், ராத்திரி எல்லாரும் தூங்கியபின் கழிப்பறைக்குள் போய் எழுதி, தாள்களை ஒளித்துவைத்து, தன் தாயார் மூலமாக வெளியே அனுப்பியவர். புனைபெயர்தான் அவரைக் காப்பாற்றியது. 2000-இல் முதல் கவிதைத் தொகுப்பு, அடுத்த வருஷம் பேரூராட்சித் தலைவர். அப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறவர்கள் மறைத்து எழுதுவதில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் உங்கள் வீடு அப்படி இல்லை. உங்கள் வீட்டில் நீங்கள் கேட்கவே இல்லை. கேட்டால் கொடுக்கக்கூடியவர்களிடம் கேட்காமல் இருந்துவிட்டு, மனசுக்குள் அவர்கள்மேல் வருத்தத்தைச் சேர்த்துக்கொண்டே போவது யாருக்கும் நல்லதில்லை. இதில் நானும் தப்பு செய்தேன், ஒன்பது வருஷம் கேட்காமலே கோபப்பட்டேன்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கதைக்கு ஐந்நூறு ரூபாய் சன்மானம் வந்தாலும் அது உங்கள் பெயரில் இருக்கிற கணக்கில் விழட்டும். புத்தகம் வந்தால் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எழுத்தாளர் காலத்துக்குப் பிறகும் 60 வருஷம் காப்புரிமை உண்டு, அது உங்கள் பெண்ணுக்குப் போக வேண்டிய சொத்து. நாவலாசிரியர் ராஜம் கிருஷ்ணன் 1973-இல் சாகித்ய அகாதமி விருது பெற்றவர், எவ்வளவு ஊர் சுற்றி, எவ்வளவு உழைத்து எழுதியவர். கணவர் போன பிறகு கடைசிக் காலத்தில் முதியோர் இல்லத்தில் இருந்தார். 2009-இல் அவர் உயிரோடு இருக்கும்போதே அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கி உதவியது. அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

சுயநலமா என்று கேட்டீர்கள். ஆமாம், உங்களுக்காக நீங்கள் ஒன்றை விரும்புகிறீர்கள், அதற்காக ஒரு மணி நேரம் குழந்தையை அவள் அப்பாவிடம் விடுகிறீர்கள். இதற்குச் சுயநலம் என்று பெயர் வைத்தால் வைத்துவிட்டுப் போகட்டும். உங்கள் கணவர் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடப் போவார் என்றும் எழுதியிருந்தீர்கள், அது சுயநலமா என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. அவர் போகட்டும், நல்லதுதான். நீங்களும் எழுதுங்கள்.

இந்தச் சனிக்கிழமை பாப்பா தூங்கினபின் கணவரிடம் பேசுங்கள். அதற்கு முன்னால் இன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி அடுப்படியில் வையுங்கள். பாப்பா இப்போது பேசுகிற சொற்களைத் தேதி போட்டு அதில் எழுதுங்கள், அத்தை சொல்கிற பழைய சொற்களையும் சேர்த்து. என் பெரிய பையன் நிலாவைப் பார்த்து ஏதோ ஒரு சொல் சொல்வான், வீடே அதை வைத்துத்தான் நிலாவைக் கூப்பிட்டோம், இப்போது எங்கள் நாலு பேரில் ஒருவருக்கும் அது ஞாபகமில்லை.